ஊருக்கு ஒரு காத்தாடி: காற்றாலை நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் ஆண்டு முன்னேற்ற அறிக்கை பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. வழவழப்பான தாள், அட்டையில் எங்கள் குளத்துக்கரை. உற்பத்தி கூடியிருக்கிறது, லாபமும் கூடியிருக்கிறது. சந்தோஷம்.

அதே மேசையில் பஞ்சாயத்தின் கரண்ட் பில்லும் கிடந்தது. குடிதண்ணீர் மோட்டாரும் தெருவிளக்கும் அந்தப் பில்லில்தான் ஓடுகின்றன. பாக்கி ஏறிவிட்டதால் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். கீழத்தெருக் கடைசிக் குழாய் மேட்டில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறி, முதல் குடம் நிறையும்போதே மோட்டார் நின்றுவிடும். மிச்சக் குடங்கள் வரிசையில் அப்படியே கிடக்கும். பின்னால் ஆடிக் காற்றில் உங்கள் காத்தாடி விசுக் விசுக்கென்று சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த வரிசையில் நின்ற ஓர் ஆச்சி உங்கள் பொறியாளரிடம் கேட்டார்: "இதுல இருந்து ஒரு வயர் இழுத்து நம்ம மோட்டாருக்குக் குடுக்கக் கூடாதா தம்பி?" அவர் சிரித்துவிட்டு, கரண்ட் எல்லாம் கிரிட்டுக்கு, அதாவது ஊர்களையெல்லாம் இணைக்கும் பொது மின்கட்டமைப்புக்குப் போய்விடுகிறது என்றார்.

அது சரிதான். ஆனால் நாங்கள் கேட்பது வயர் அல்ல, பங்கு. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. கையிருப்பு கொஞ்சம், மீதி வங்கிக் கடன். அந்தக் காத்தாடி ஓடந்துறையில்கூட இல்லை, உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் நிற்கிறது. அதன் கரண்டும் கிரிட்டுக்குத்தான் போகிறது, வருமானம் ஊராட்சிக் கணக்குக்கு வருகிறது. டென்மார்க் நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகன் அருகே கடலில் 2000-இல் நிறுத்திய 20 காத்தாடிகளில் 10, பொதுமக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாயின. ஊருக்குள் காத்தாடியே இல்லாத ஓடந்துறைக்கும் காத்தாடி சொந்தமாகலாம் என்றால், காற்று வீசும் எங்களுக்கு ஏன் ஆகக்கூடாது?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் பெயர் அச்சடித்த பள்ளிப்பை தந்தீர்கள். ஆடி மாதக் காற்றில் மரக்கன்று நட்டீர்கள். கன்று போய்விட்டது, 'நன்கொடை' என்று எழுதிய இரும்புக் கூண்டு மட்டும் நன்றாக இருக்கிறது. புரோக்கர் வந்து, ஒன்றும் விளையாத காடுதானே என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கிய நிலத்தில், எழுதிக்கொடுத்தவரின் மகனுக்கே வாட்ச்மேன் வேலையும் கொடுத்தீர்கள். அதற்காக உங்களுக்கு மாலை போட்டவர்களும் எங்கள் ஊரில் உண்டு.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். பழைய சின்னக் காத்தாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்த அரசு 2024-இல் கொள்கை கொண்டுவந்திருக்கிறது. எங்கள் ஊரிலும் அதற்கு அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். கிரேன் வருவதற்கு முன்பே ஒரு காத்தாடியை, முடியாவிட்டால் அதில் ஒரு பங்கை, பஞ்சாயத்தின் பேரில் எழுதித் தாருங்கள். இலவசமாக வேண்டாம். கடனாகத் தந்து, விற்கிற கரண்டிலிருந்து வருடா வருடம் கழித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரை, பங்கின் விலை எவ்வளவு என்ற கணக்கோடு, தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கீழத்தெருக்காரன் ஒருவன்