விடைபெறும் மற்றவர்கள்

ஐயா, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பீட் மாராவிச் எடுத்த 3,667 புள்ளிகள் என்ற சாதனையை அயோவா பல்கலைக்கழக வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் தாண்டிய செய்தியைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். சரி, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அது அயோவா அணியின் இறுதியாண்டு வீராங்கனைகளுக்கு விடைகொடுத்த நாளும் கூட. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! முழங்கால் காயத்தால் முதல் பருவம் முழுக்க ஆடாமல் இருந்த கேட் மார்ட்டின், ஆறு வருடம் அதே அணியில் நின்றவர். ஒரு பருவம் காத்திருக்காமலே வேறு கல்லூரிக்குத் தாவலாம் என்று 2021இல் விதி தளர்ந்த பிறகும் போகவில்லை.

இங்கே நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுப் பாட்டி, டிவியில் மார்ட்டின் தெரிந்ததும் பேத்தியைப் பார்த்ததுபோல் கண் கலங்கினார். சாதனைச் செய்தியோடு, விடைபெறும் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரியாவது போடுங்கள்.

- ஒரு வாசகி, அயோவா சிட்டி