இரைச்சல் கேட்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்குப் பதவி உயர்வு வந்ததை அவளே சொல்லியிருப்பாள். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

கடைசியாக நீ பேசிய மூன்று தடவையும் பின்னால் அந்த இரைச்சல் இல்லை. நான்கு வருடமாக, பிட்காயின் எடுக்க நீ ஓட்டும் கம்ப்யூட்டர் மெஷினின் ஃபேன் சத்தத்தைத் தாண்டித்தான் உன் குரல் எங்களுக்கு வரும். "அந்தக் கதவைச் சாத்துடா" என்று அம்மா கத்துவாள். இப்போது நீ பெருமூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. லைன் தெளிவாக இருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறு அறைக்கு மாற்றியிருப்பாய்.

ஒன்று மட்டும். கரண்ட் பில் கட்டக் கடன் வாங்காதே.

2020 மே மாதம், ஹால்விங், அதாவது மெஷின் ஓட்டுபவர்களுக்குக் கிடைக்கும் புதுக் காயின் பாதியாகக் குறைவது, முடிந்த கையோடு நீ தொடங்கினாய். பிட்காயின் 2009இல் பிளாக்குக்கு, அதாவது பரிவர்த்தனைகளை எழுதிச் சேர்க்கும் ஒரு கணக்குப் பக்கத்துக்கு, 50, 2012இல் 25, 2016இல் 12.5, இப்போது 6.25, ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும் ஒருமுறை பாதி என்று என் டைரியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாய். யாரும் சொல்லித்தராமல் நீயே கற்றுக்கொண்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அடியில் "2024 ஏப்ரல், 3.125" என்று நானே எழுதிச் சேர்த்தேன். முன்பெல்லாம் டிஃபிகல்ட்டி, அதாவது ஒரு பிளாக்கைக் கண்டுபிடிக்கும் கஷ்டம், கொஞ்சம் ஏறினால்கூட உன் போன் வரும். இவ்வளவு பெரிய விஷயத்தை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதே மெஷின், அதே கரண்ட், வருவது பாதி. கட்டுப்படியாகாதவர்கள் நிறுத்திவிடுவார்கள், அதிகம் பேர் நிறுத்தினால் 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, ஏறக்குறைய இரண்டு வாரத்தில், டிஃபிகல்ட்டி இறங்கும், தாக்குப்பிடித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று நீதான் விளக்கினாய். தாக்குப்பிடிப்பவர்களில் நீயும் இருப்பாய் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் உன்னுடையது 2020இல் வாங்கிய மெஷின். குறைந்த கரண்டில் அதைவிட வேகமாக ஓடும் புது மெஷின்கள் வந்துவிட்டன. நிறுத்துவதில் அவமானம் ஒன்றும் இல்லை தம்பி. நீ நிறுத்திவிட்டாய் என்று நான் சொல்லவில்லை.

ஹால்விங்குக்கு அடுத்த வருடம் விலை ஏறும் என்கிறார்கள். 2013, 2017, 2021இல் ஏறியது உண்மைதான். ஆனால் மொத்தமே மூன்று தடவை. இந்தத் தடவை ஹால்விங்குக்கு முன்பே, 2024 மார்ச்சிலேயே, பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. இதை நம்பி யாரிடமும் கை நீட்டாதே. கரண்ட் பில்லுக்குக் கடன் வேண்டாம். முன்பே எழுதிவிட்டேன், இருந்தாலும்.

2021 நவம்பர் உனக்கு நினைவிருக்கும். ராத்திரி கூப்பிட்டு, "பாதியை வித்துடட்டுமாப்பா?" என்று கேட்டாய். விலை 69,000 டாலர் பக்கம் இருந்தது. "பொறு, இன்னும் ஏறும்" என்றேன். எனக்கு என்ன தெரியும்? அன்று காலையில்தான் நண்பர்களிடம் உன் காயின் எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். அடுத்த வாரம் இன்னும் பெரிய தொகையாகச் சொல்ல ஆசை. அதற்காகத்தான் உன்னைத் தடுத்தேன். ஒரு வருடத்தில் அது 16,000க்கு வந்தது. கரண்ட் பில்லுக்காக அந்த விலைக்கு விற்றாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவன் நேரத்தோடு வித்திருக்கலாம்" என்று அம்மா புலம்பியபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உன்னைக் குறை சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி அவளிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை அவனுக்கு எழுதுங்க" என்றாள்.

பாக்கி ஏதாவது இருந்தால் எவ்வளவு என்று எழுது. தொகையை மட்டும் எழுதினால் போதும். காரணம் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா