தோற்ற மறுநாள்

ஆசிரியருக்கு,

செஸ் வீரர் குகேஷ் என்றதும் எல்லோரும் பரிசுத் தொகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு மறக்க முடியாதது வேறு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் பட்டம் வென்ற அந்த 18 வயதுப் பையன் அழுதுகொண்டே, பலகையில் கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் எடுத்து வைத்தார்.

முதல் ஆட்டத்திலேயே வெள்ளைக் காயோடு தோற்றவர் அவர். 11-வதில் ஜெயித்து, மறுநாளே 12-வதில் மறுபடி தோற்றார். அதற்குப் பிறகும் தெளிந்த மனதோடு பலகை முன் உட்கார வேண்டுமே! காய் நகர்த்தத் தயார்படுத்த பயிற்சியாளர் கயேவ்ஸ்கியின் குழு. மனதைத் தயார்படுத்த மனநலப் பயிற்சியாளர் பேடி அப்டன். கடைசி ஆட்டத்தில் குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய்தான் கூடுதல். டிரா என்றே பலரும் நினைத்தார்கள். அவர் விடவில்லை. 55-வது நகர்த்தலில், எதிரே ஆடிய சீன வீரர் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார்.

எங்கள் ஊர்ப் போட்டிகளில், தோற்று வரும் பிள்ளையை அரங்க வாசலிலேயே திட்டுகிறார்கள். போன மாதம் ஒரு சிறுவன், நகர்த்தல்களை எழுதிய தாளைக் கசக்கிப் பிடித்தபடி நின்றான். தவறைத் தேட அந்தத் தாள்தான் வேண்டும். சரி, முதலில் அவன் சாப்பிடட்டும். அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

செஸ் வீரர்களின் பயிற்சி, தூக்கம், ஓய்வு நாள் பற்றியும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதுங்கள்.

— செஸ் பழகும் சிறுமியின் தாய், மதுரை