ஆண்டறிக்கை 2024–25: வாடகைக்கு இருப்பவர்களும் உறுப்பினர்களாக வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

நம் நகர்ச் சங்கத்தின் செயலாளர் அறிக்கை என்றால் எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று வாசித்துவிட்டு உட்காருவதுதான் வழக்கம். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் பத்து நடந்தது, மே மாதமும் டிசம்பரும் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி தனியாக வாசிப்பார், தணிக்கை செய்த நகல் வாசல் மேசையில் இருக்கிறது. தெருவிளக்கு, நாய்த் தொல்லை, முனைக் கடையின் முன்னால் வண்டி நிறுத்துவது பற்றியெல்லாம் மாநகராட்சிக்கு மனு கொடுத்தோம். விளக்கு வந்தது, மற்றது நிலுவையில் இருக்கிறது.

மீதி நேரத்தை நான் வாடகை வீடுகளைப் பற்றிப் பேச எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஆண்டு என் வீட்டுக் கதவைத் தட்டிய விஷயங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான்.

நம் நகர் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்து வயலும் தென்னந்தோப்பும்தான். பார்வதிபுரம் மேம்பாலம் 2018-ல் திறந்த பிறகு இந்தப் பக்கம் மனை விலை ஏறியது, அடுத்த ஆண்டே நாகர்கோவில் மாநகராட்சியும் ஆனது, அப்புறம் மாடிக்கு மேல் மாடி எழுந்தது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வரும் நர்சுகளும் மாணவர்களும், கோணத்தில் படிக்கும் பிள்ளைகளும், மகேந்திரகிரி விண்வெளி மையத்துக்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் தினமும் பஸ் ஏறிப் போகிறவர்களும், பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த மலையாளக் குடும்பங்களும், ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பையன்களும், கடல் அரிப்பில் வீடு போய் உள்ளே வந்த கடற்கரைக் குடும்பங்களும் என்று நம் ஐந்து தெருவில் இல்லாத ஆள் இல்லை. ஆவணியில் ஓணத்துக்குத் தோவாளைப் பூ வாங்கி ஒரு வாசலில் அத்தப்பூ போடுகிறார்கள், டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் பாதித் தெரு போகிறது, மார்கழியில் சுசீந்திரம் தேருக்கு மீதித் தெரு போகிறது, ரமலானில் நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வராத ஆண்டே கிடையாது. இதை நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன். தபால் துறையில் வேலை பார்த்த காலத்தில் இருபத்திரண்டு வருடம் வாடகை வீட்டில் இருந்தவள் நான், சொந்த வீட்டில் பால் காய்ச்சியது ஓய்வு பெற்ற பிறகுதான், அதனால் வீடு தேடி அலைகிறவர்களின் முகம் எனக்குப் பார்த்தவுடன் தெரியும்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த சமயம், கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார்கள். மகளுக்கு ஆசாரிபள்ளத்தில் நர்சிங் படிப்பு, அந்த அம்மாவின் கணவருக்குக் கப்பலில் வேலை, பழைய வீடு கடலுக்குப் பக்கத்தில் விரிசல் விட்டு நிற்கிறது. நம் நகரில் நான்கு வீடு பார்த்தார்கள். முதல் வீட்டில் வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார்கள், ஆனால் ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை அதற்குப் பிறகும் மூன்று வாரம் கேட்டில் தொங்கியது, நானே பார்த்தேன். இரண்டாவது வீட்டில் ஆர்.சி. என்கிற கத்தோலிக்கரா, சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையா என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் எந்த ஊர் என்று கேட்டு, ஊர்ப் பெயரைச் சொன்னதும் அட்வான்ஸ் இரண்டு மடங்கானது. அந்த அம்மா என் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்கள்: “மீன் கழுவுற தண்ணிய ரோட்டுல ஊத்த மாட்டோம்னு எழுதிக் குடுத்தா வீடு தருவாங்களாக்கா?” இதை இந்தக் கூட்டத்தில் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. சாளையும் நெத்திலியும் இல்லாமல் நம்மில் எத்தனை வீட்டில் மதியச் சோறு இறங்குகிறது? நான்காவது வீட்டில் கொடுத்தார்கள், அந்த வீட்டு அண்ணன் இங்கே உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்றார், அவருக்கு என் நன்றி.

மறுத்தவர்களில் ஒரு தங்கச்சி பிறகு என்னிடம் சொன்னாள், “எனக்கு ஒண்ணும் இல்லக்கா, மத்தவங்க என்ன நினைப்பாங்களோன்னுதான்.” மற்றவர்கள் என்று அவள் சொன்னது நம்மைத்தான். 1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு, தன் ஆட்கள் இருக்கும் தெருவில்தான் வீடு பார்க்க வேண்டும் என்ற பயம் இந்த மாவட்டத்தில் பல குடும்பங்களில் ஊறிவிட்டது. அந்த நாட்களைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 2011 கணக்கெடுப்புப்படி நம் மாவட்டத்தில் நூற்றுக்கு 48-க்குச் சற்று மேல் இந்துக்கள், 46-க்குச் சற்று மேல் கிறிஸ்தவர்கள், 4-க்குச் சற்று மேல் முஸ்லிம்கள். இப்படி ஒரு ஊரில் தன் ஆட்களை மட்டும் வைத்துத் தெரு கட்ட முடியாது, நம் நகரில் அது எப்போதோ முடிந்துபோன கதை. எங்கள் எதிர்வீட்டில் கீழே பெந்தெகொஸ்தே குடும்பம், மேலே இடலாக்குடியிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம், போன மாதம் கீழ்வீட்டுப் பாட்டிக்கு இரவில் மூச்சு முட்டியபோது வண்டி எடுத்தது மேல்வீட்டுப் பையன்.

அடுத்தது பண விஷயம், இதில்தான் சண்டை அதிகம். வாடகைக்கு விடுவதற்கான பழைய சட்டம் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பதிலாக 2017-ல் தமிழ்நாடு அரசு புதிய சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நம் நகரில் கேட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் வாடகைக்கு விடக்கூடாது, அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இதை அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதும் என்று நாம் பழகியது பத்திரப் பதிவுச் சட்டத்தை வைத்து, ஒரு வருடத்துக்குக் குறைந்தால் அங்கே பதிவு கட்டாயம் இல்லை என்பதால். வாடகைச் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் உரிமையாளர் 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும். தகராறு என்றால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது, இதை மட்டும் இரண்டு முறை சொல்கிறேன், தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது. ஆகஸ்டில் ஒரு வீட்டில் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டு, கைக்குழந்தை வைத்திருந்த பெண் குடத்தோடு பக்கத்து வீட்டுக்கு நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

வெள்ளையடிக்கும் கூலி இன்னொரு தீராத வழக்கு. காலி செய்யும்போது அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கு என்று பிடித்துக்கொள்வது இங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது. சட்டத்தின் அட்டவணையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை இவையெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருந்தவர் கெடுத்த சுவர் என்றால் அது வேறு. இந்த அட்டவணையைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டிய பிறகு காலியான மூன்று வீடுகளில் அட்வான்ஸ் முழுதாகத் திரும்பியது, எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

கரண்ட் பில்லில் உரிமையாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான், மொத்த யூனிட் கூடக் கூட விலையும் ஏறும், அதனால்தான் சப் மீட்டர் வைத்து ஒரே ரேட் போடுகிறார்கள். தனித்தனி இணைப்பு வாங்குவதுதான் இதற்கு வழி. இரண்டு வீட்டில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம், ஒன்றுக்கு வந்துவிட்டது.

ஒத்தி விஷயம் என்னைத் தூங்கவிடாத விஷயம். நம் ஊரில் மாத வாடகைக்குப் பதிலாகச் சில லட்சம் மொத்தமாகக் கொடுத்து ஒத்திக்கு இருப்பது இன்றைக்கும் சகஜம், வாடகை மிச்சம், காலி செய்யும்போது பணம் திரும்ப வரும் என்ற நம்பிக்கை. நான்காம் தெருவில் ஒரு குடும்பம் நகையை விற்றும் சீட்டுப் பிடித்தும் சேர்த்த பணத்தை அப்படிக் கொடுத்திருந்தார்கள், வெறும் முத்திரைத்தாளில் இரண்டு கையெழுத்தோடு. ஜனவரியில் வீட்டு வாசலில் ஒரு வங்கி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனது, வீட்டின் மேல் கடன் இருக்கிறது, தவணை கட்டவில்லை. ஒத்தி என்பது சட்டப்படி அனுபோக அடமானம், நூறு ரூபாய்க்கு மேல் என்றாலே பதிவு செய்தால்தான் செல்லும். முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து இரண்டு பக்கமும் பதிவைத் தவிர்க்கிறோம், கடைசியில் பணம் கொடுத்தவர் கையில் காகிதம்தான் மிஞ்சுகிறது. அந்தக் குடும்பத்து அக்காவை நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்துக்கு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போனோம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். வக்கீல் கிடைத்திருக்கிறார், பணம் இன்னும் கிடைக்கவில்லை. ஒத்திக்குப் போகும் முன் தயவுசெய்து வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், வீட்டின் மூலப்பத்திரம் எங்கே இருக்கிறது, கையில் இருக்கிறதா வங்கியில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், பதிவும் செய்யுங்கள்.

மூன்றாம் தெரு ஷெட்டில் இருக்கும் ஒடிசாப் பையன்களைப் பற்றி ஆறு புகார் வந்தது, ஆறும் குப்பை போடுவதைப் பற்றித்தான். போய்க் கேட்டோம். மாநகராட்சி வண்டி வருவது காலை ஏழு மணிக்கு, அவர்கள் வேலைக்குக் கிளம்புவது ஆறுக்கு, வண்டி வருவதையே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இப்போது மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் தனித்தனியாகக் கட்டிப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள், அந்த வீட்டு அம்மா வண்டியில் போடுகிறார்கள். வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் நெருப்புப் பிடித்துப் புகை வரும்போதெல்லாம் திட்டுகிறோம், பிரிக்காமல் கொட்டுவதில் சொந்த வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பையன்களின் ஆதாரை மட்டும் வாங்கிக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. நகரில் குடிவரும் எல்லோரிடமும் வாங்குவதாக இருந்தால் வாங்கலாம், ஒரு மாநிலத்துக்காரரிடம் மட்டும் வாங்குவது சரியில்லை என்று செயற்குழு அதைத் திருப்பி அனுப்பியது. நானும் அந்தப் பக்கம்தான் ஓட்டுப் போட்டேன்.

ஒலிபெருக்கி பற்றி ஒரு வரி. கோயில் கொடை, கிறிஸ்தவக் கன்வென்ஷன், மீலாது எதுவானாலும் இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி இல்லை என்று மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள், சட்டமும் அதைத்தான் சொல்கிறது, பிளஸ் டூ பரீட்சை முடியும் வரை அது நன்றாகவே நடந்தது.

இனி மழை. ஐப்பசியில் இரண்டாம் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. வயலுக்குப் போன வாய்க்காலை மனை போட்டபோது மூடியதால் தண்ணீருக்குப் போக வழியில்லை, அது எல்லோருக்கும் தெரியும். நான் கவனித்தது வேறு. தண்ணீர் புகுந்த பதினொரு வீட்டில் ஒன்பது வாடகை வீடு. உரிமையாளர்கள் மாடியில் இருக்கிறார்கள், தரைத்தளம் வாடகைக்கு, அதனால் நனைந்த மெத்தையும் கெட்டுப்போன ஃப்ரிட்ஜும் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்களுடையது. ஆனால் வாய்க்கால் பற்றி முடிவெடுக்க நாம் போட்ட குழுவில் ஏழு பேரும் சொந்த வீட்டுக்காரர்கள். அந்தக் குழு கோடையில் இரண்டு முறை கூடியது, இரண்டு முறையும் பூங்காவுக்கு நடைபாதை பற்றித்தான் பேச்சு.

இப்போது நம் சங்க விதியில் உறுப்பினர் என்றால் நகருக்குள் சொந்த வீடோ மனையோ உள்ளவர். மஸ்கட்டில் இருந்துகொண்டு இங்கே காலி மனை வைத்திருப்பவருக்கு ஓட்டு உண்டு. ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்து, கொரோனா காலத்தில் வீடு வீடாகக் கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்த அண்ணனுக்கு ஓட்டு இல்லை, கூட்டத்துக்கு வந்தால் பின்னால் நிற்கிறார். இன்றும் நிற்கிறார்.

அதனால் செயற்குழு சார்பில் ஒரு திருத்தம் வைக்கிறேன்: நகருக்குள் ஆறு மாதம் தொடர்ந்து குடியிருக்கும் எந்தக் குடும்பமும், சொந்த வீடானாலும் வாடகையானாலும் ஒத்தியானாலும், சந்தா கட்டி உறுப்பினராகலாம், குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. வாய்க்கால் குழுவில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். நாம் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த சங்கம், விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், வந்திருக்கும் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் சேர்ந்தால் சங்கம் கைமாறிவிடும் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். உங்கள் வீட்டில் குடியிருப்பவரோடு இன்று சாயங்காலம் கால் மணி நேரம் பேசிப் பாருங்கள், வாய்க்காலும் விளக்கும் தவிர அவர் என்ன கேட்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தீர்மானத்தின் நகல் எல்லோர் நாற்காலியிலும் வைத்திருக்கிறோம். டீ குடித்துவிட்டு வந்ததும் ஓட்டெடுப்பு. பின்னால் நிற்பவர்களுக்கும் நாற்காலி போட்டாயிற்று, வந்து உட்காருங்கள்.

செயலாளர்