பையனின் கேமும் லினக்ஸும்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். நாங்கள் வீடு மாறிவிட்டோம். தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்தது, பஸ் ஸ்டாப்தான் கொஞ்சம் தூரம்.

சரி, நீ கேட்ட விஷயம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, உன் கம்ப்யூட்டரோ 11-ஐ ஏற்கவில்லை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் பையன் கேம் ஆட முடியுமா என்கிறாய். ஆடலாம். ஆனால் என்னென்ன கேம் ஆடுகிறான் என்று நீ எழுதவே இல்லையே! பதில் அதில்தான் இருக்கிறது.

நாம் காலேஜில் படித்த காலத்து லினக்ஸை மனதில் வைத்துக்கொண்டு யோசிக்காதே. அப்போது விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் இருந்தது, 1993-இல் தொடங்கிய திட்டம், 1.0 வெளிவரவே 2008 ஆகிவிட்டது. ஒரு கேமைத் திறக்க வைப்பதற்குள் விடிந்துவிடும், திறந்தால் சத்தம் வராது. 2018 ஆகஸ்டில், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. உள்ளே இருப்பது அதே வைன்தான். விண்டோஸிடம் கேம் கேட்பதையெல்லாம் அது வாங்கி லினக்ஸைக் கொண்டு முடித்துத் தரும். படம் வரையும் வேலைக்கு டிஎக்ஸ்விகே என்று ஒன்று கூடச் சேர்ந்தது. விண்டோஸ் கேம்கள் படம் வரையச் சொல்லும் டைரக்ட்3டி கட்டளைகளை, லினக்ஸிலும் செல்லும் வல்கன் கட்டளைகளாக மாற்றி கிராபிக்ஸ் கார்டிடம் கொடுப்பது அதன் வேலை. அதை ஆரம்பித்த பிலிப் ரெபோலேவுக்கு நியர்: ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் ஆடிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசையில் இப்போது ஊரே விளையாடுகிறது.

வால்வ் இதைப் புண்ணியத்துக்குச் செய்யவில்லை. விண்டோஸ் 8 வந்தபோதே மைக்ரோசாஃப்ட் தன் கடையை முன்னால் வைத்தால் ஸ்டீமின் கதி என்ன என்ற பயம் அவர்களுக்கு. 2015-இல் ஸ்டீம் மெஷின் என்று லினக்ஸில் ஓடும் கேம் கம்ப்யூட்டர்களை விற்றுப் பார்த்தார்கள், போதுமான கேம் இல்லாமல் படுத்துவிட்டது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியும் லினக்ஸில்தான் ஓடுகிறது, புரோட்டான் இருந்ததால் பிழைத்தது. அவர்கள் சுயநலத்தில் நமக்கும் லாபம், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

சிக்கல் ஆன்லைன் கேம்களில்தான். வேலோரன்ட்டில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வைத்திருக்கும் வேன்கார்ட், விண்டோஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே போய் உட்காரும். லினக்ஸில் அது கிடையாது, அதனால் கேமும் கிடையாது. ஃபோர்ட்நைட்டும் அப்படியே. இதே காவல் வேலையைச் செய்யும் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதல் புரோட்டானோடு ஒத்துப்போகும், ஆனால் கேம் கம்பெனி சம்மதிக்க வேண்டும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 கடைசியில் லினக்ஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கெர்னலையே திருத்தி எழுதக்கூடிய ஆளை நம்புவது கஷ்டம் என்கிற அவர்கள் வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதற்காக எல்லோரையும் வாசலில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

பையன் தனியாக ஆடும் கேம்கள் என்றால் கவலையே வேண்டாம். லினக்ஸில் சுலபமான வகையான மின்ட் போடு. ஏஎம்டி கார்டு என்றால் டிரைவர் கூடவே வரும், என்விடியா என்றால் டிரைவர் மேனேஜரைத் திறந்து அது சிபாரிசு செய்வதைப் போட்டுக்கொள். டி டிரைவில் இருக்கும் பழைய கேம் ஃபோல்டரை அப்படியே ஸ்டீமுக்குக் காட்டாதே. அது என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கும் முறை, புரோட்டான் அதில் தகராறு பண்ணும். லினக்ஸ் பார்ட்டிஷனிலேயே புதிதாக இறக்கிக்கொள். முதல் தடவை திறக்கும்போது வல்கன் ஷேடர், அதாவது கார்டு படம் வரைவதற்கான சின்ன புரோகிராம்கள், தயாராகிறது என்று ஒரு சின்ன ஜன்னல் வந்து சதவீதம் மெதுவாக ஏறும். ஹேங் ஆகிவிட்டது என்று பையன் ஸ்விட்சை அணைத்துவிடப் போகிறான், சொல்லி வை.

எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே எழுதுவது புரோட்டான்டிபி தளம். அவன் பட்டியலை அதில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார். வேலோரன்ட் இருந்தால் மட்டும் விண்டோஸை இப்போதைக்கு அழிக்காதே. கார்டு என்ன மாடல் என்று எழுது, மின்ட் போட்ட பென் டிரைவை நான் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்