"2004–2014 எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர வண்டி) என்ஜின் கிட் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை இணையத்தில் பட்டியல் போட்டு விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மாதமும் அதே வரி. ஹோண்டா டிஆர்எக்ஸ் 450ஆர் என்ற ஏடிவிக்கான சிலிண்டர் கிட் ஒன்றின் பட்டியலில் "2004–2014, எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று இருக்கிறது. போர் அளவு, அதாவது சிலிண்டரின் உள்விட்டம், எங்கும் இல்லை. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமான ஸ்ட்ரோக்கும் இல்லை. பெட்டியில் ஒட்டிய சீட்டிலும் அந்த வரி மட்டும்தான். அந்த வண்டியில் 2006இல் என்ன மாறியது என்பது உங்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்திருந்தும் அந்த வரி வருஷக்கணக்காக அப்படியே நிற்பதால்தான் இந்த மடல்.

2004, 2005 மாடல்களில் போர் 94 மி.மீ., ஸ்ட்ரோக் 64.8 மி.மீ. 2006 முதல் போர் 96, ஸ்ட்ரோக் 62.1. கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டும் 450 சிசியைத் தொட்டும் தொடாமலும் வந்து நிற்கும். பெயரும் ஒன்றே. ஆனால் பிஸ்டன், ரிங், சிலிண்டர், ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடு), கிராங்க் (பிஸ்டனைத் தூக்கி இறக்கும் தண்டு) இவற்றில் எதையும் ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் போட முடியாது. பெயரையும் சிசியையும் வைத்து வாங்குகிறவர் ஏமாறத்தான் செய்வார். அவருக்கு உண்மையைச் சொல்ல இருந்த ஒரே இடம் உங்கள் பட்டியல்.

மெக்கானிக்குகளான எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வருஷத்தை மட்டும் போடாதீர்கள். போர், ஸ்ட்ரோக், பிஸ்டன் பின்னின் விட்டம், பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம், உங்கள் பாகம் எந்தத் தொழிற்சாலை எண்ணுக்கு மாற்று என்பது, இந்த ஐந்தையும் பெட்டியின் மேல் அச்சிடுங்கள்.

வருஷம் ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். மாடல் வருஷம் வேறு, வண்டி தயாரான வருஷம் வேறு. 2005இன் பின்பாதியில் தயாரான வண்டி 2006 மாடலாக இருக்கலாம். சொந்தக்காரர் தயாரிப்பு மாதத்தைப் பார்த்து "2005" என்று ஆர்டர் போடுவார், 94 மி.மீ. கிட் வந்து சேரும், என்ஜினில் இருப்பது 96. வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பொறித்த 17 இலக்க அடையாள எண்ணின் பத்தாவது எழுத்தைப் பார்த்தால் மாடல் வருஷம் தெரியும்: 5 என்றால் 2005, 6 என்றால் 2006, 2010க்கு ஏ, 2012க்கு சி, 2014க்கு இ. இதைக்கூட ஆர்டர் படிவத்தில் நீங்கள் கேட்பதில்லை.

அதைக் கேட்டாலும் பாதிக் கிணறுதான். அந்த எண் சொல்வது சட்டத்தின் வயதை. ஏடிவி என்ஜின்கள் கைமாறுகிற பொருள். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடி ஒரு என்ஜின் போனால், கவிழ்ந்து நொறுங்கிய இன்னொரு வண்டியின் என்ஜினை எடுத்து மாட்டுவது வழக்கம். 2004 சட்டத்துக்குள் வேறு வருஷத்து என்ஜின் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆகவே கேட்க வேண்டியது கிராங்க் கேஸில் குத்தியிருக்கும் என்ஜின் எண்ணை. ஹெட்டைத் திறந்த பிறகு என்றால், சிலிண்டரில் வெர்னியர் வைத்த அளவை. 94ஆ 96ஆ என்பது வெர்னியருக்கு ஒரு நிமிட வேலை.

2 மி.மீ. வித்தியாசத்தில் பிஸ்டன் உள்ளே போகாது, இல்லை போய்த் தொளதொளவென்று ஆடும், அப்போதே தெரிந்துவிடுமே என்று நீங்கள் சொல்லலாம். பிஸ்டனுக்கு அது சரி. கேஸ்கட்டுக்குச் சரியல்ல. ஸ்டட் துளைகளின் இடம் மாறாமல் போர் மட்டும் பெரிதான எந்த என்ஜினிலும் பழைய கேஸ்கட் அழகாகப் போய் உட்காரும். ஆனால் அதன் உள்வளையம் போர் விளிம்பைத் தாண்டி எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த மெல்லிய தகட்டு விளிம்புக்குச் சூட்டை இறக்கி வைக்க இடம் இல்லை. சிவக்கச் சிவக்கக் காய்ந்து, பிளக் பொறி விடும் முன்பே கலவையைப் பற்ற வைக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் குறை தெரியாது. மேட்டில் லோடு கொடுத்து ஏற்றும்போது டக்டக்கென்று தட்டும், கொஞ்ச நாளில் பிஸ்டன் தலை உருகிக் குழி விழும். 450ஆரின் சிலிண்டர் உட்சுவர் நிக்கல் பூச்சு. பக்கத்து லேத்தில் கொடுத்துப் போர் போட்டுச் சரிசெய்யக்கூடியது அல்ல. தவறான ஒரு கேஸ்கட் ஒரு சிலிண்டரையே விழுங்கிவிடுகிறது.

போரே ஒன்றாக இருந்துவிட்டால் ஆபத்து இன்னும் மறைவானது. யமஹா ஒய்எஃப்இசட் 450க்கும் 2009இல் வந்த ஒய்எஃப்இசட் 450ஆருக்கும் போர் 95 மி.மீ.தான். முன்னதன் ஸ்ட்ரோக் 62, அதாவது 439 சிசி. பின்னது 63.4, அதாவது 449 சிசி. முன்னதில் கார்புரேட்டர், பின்னதில் இன்ஜெக்ஷன். பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், உங்களில் சிலரின் பட்டியலில் அந்த எழுத்தும் விழுந்துபோகிறது. 95 பிஸ்டன் இரண்டு சிலிண்டருக்குள்ளும் போகும். மற்ற அளவெல்லாம் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், நீண்ட ஸ்ட்ரோக் கிராங்க் பிஸ்டனை 0.7 மி.மீ. மேலே தூக்கும். ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருப்பதே ஏறக்குறைய ஒரு மி.மீ. இடைவெளி. வால்வுக்குப் பிஸ்டன் தலையில் வெட்டிய குழியும் இடம் மாறினால் வால்வு தட்டி வளையும். பின்னின் மையத்திலிருந்து தலை வரை உள்ள உயரத்தைப் பெட்டியில் போடச் சொல்வது இதனால்தான்.

இப்போதைக்கு இந்தச் சுமை முழுக்க மெக்கானிக்கின் தலையில். பிஸ்டன் தலையில் மெல்லிய ஈயக்கம்பி வைத்து, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் சுற்றி, நசுங்கிய கம்பியை அளந்து பார்க்கிறோம். டைமிங் செயின் மாட்டியதும் கிராங்கை இரண்டு முழுச்சுற்று கையாலேயே சுற்றுகிறோம், எங்கே தடுத்தாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். எந்தக் கிட்டுக்கும் செய்ய வேண்டிய வேலைதான் இது, அதில் குறையில்லை. ஆனால் வந்த பெட்டி எந்த என்ஜினுக்கு உரியது என்று கண்டுபிடிப்பதற்காக இதைச் செய்ய வைப்பது நியாயமா? பிரித்த பெட்டியை, எண்ணெய் பட்ட ரிங்கைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்கிறீர்கள். மாட்டிப் பார்க்காமல் பொருந்துமா என்று தெரிந்துகொள்ள ஓர் அளவாவது கொடுத்தீர்களா?

ஒருவர் பட்டியலை இன்னொருவர் அப்படியே எடுத்து ஒட்டுவதும் நடக்கிறது. ஒரு இடத்தில் விழுந்த எழுத்துப்பிழை பத்துக் கடையில் அதே பிழையோடு நிற்கும். இன்னொரு பக்கம், ஒரே பாகம் மூன்று பெயரில் மூன்று விலையில் கிடைக்கிறது. சுசுகி எல்டி-இசட் 400, கவாசாகி கேஎஃப்எக்ஸ் 400, ஆர்க்டிக் கேட் டிவிஎக்ஸ் 400 மூன்றிலும் இருப்பது போர் 90, ஸ்ட்ரோக் 62.6 உள்ள அதே சுசுகி என்ஜின். பொருந்தாததைப் பொருந்தும் என்பதும், பொருந்துவதைச் சொல்லாமல் விடுவதும் வாங்குகிறவர் காசைத்தான் கரைக்கிறது. இந்த வண்டிகளில் பல இப்போது தயாரிப்பில் இல்லை, தொழிற்சாலை ஸ்பேர் குறைந்துகொண்டே வருகிறது. அவற்றை ஓட வைப்பது உங்கள் கிட்டுகள்தான். அந்த நன்றி எங்களுக்கு உண்டு, கோபம் இருந்தாலும்.

நீண்ட வருஷ வரம்பே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. யமஹா பான்ஷீ என்ற ஏடிவியின், போர் 64, ஸ்ட்ரோக் 54 உள்ள இரட்டை சிலிண்டர் 1987 முதல் 2006 வரை மாறவே இல்லை. அதன் பிஸ்டனுக்கு "1987–2006" என்று எழுதினால் அது உண்மையான வரி. 450ஆருக்கு அதே பாணியில் எழுதுவது உண்மை அல்ல.

ஹோண்டாவின் எண் முறையைப் பாருங்கள். முதல் ஐந்து இலக்கம் பாகம்: 13101 பிஸ்டன், 12251 ஹெட் கேஸ்கட். நடுவில் மூன்று எழுத்து வண்டி: 450ஆருக்கு எச்பி1. கடைசி மூன்று, அந்தப் பாகத்தில் எந்த வகை என்பது. முழு எண்ணையும் போட்டுவிட்டால் வாங்குகிறவர் தன் என்ஜினின் பாக எண்ணோடு ஒத்துப் பார்த்துக்கொள்வார், உங்களுக்கும் திரும்பி வரும் பெட்டிகள் குறையும்.

தயவுசெய்து, அடுத்த முறை சீட்டு அச்சுக்குப் போகும் முன் அந்த ஐந்து விவரத்தையும் சேருங்கள். ஆர்டர் படிவத்தில் என்ஜின் எண்ணுக்கு ஒரு கட்டம் வையுங்கள். அதுவரை, டிஆர்எக்ஸ் 450ஆர் பட்டியலை "2004–2005, 94 மி.மீ." என்றும் "2006–2014, 96 மி.மீ." என்றும் இரண்டாகப் பிரித்தாவது போடுங்கள். அதை இன்றைக்கே செய்யலாம்.

பணிவுடன்,
ஏடிவி என்ஜின் பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகள்