கார்பேத்தியன் மலை வேட்டை மாளிகைய வீடியோ எடுக்குற நம்ம பயண யூடியூபர்களுக்கு

வணக்கம் மக்களே. உக்ரைனோட மேற்கு ஓரத்துல, முகாச்செவோ பக்கத்துல இருக்குற ஷோன்போர்ன் மாளிகைய பத்தி எங்க பார்த்தாலும் ஒரே கதை தான் ஓடுது. வருஷத்துக்கு 365 நாளாம் அதனால 365 ஜன்னலாம், 52 வாரத்துக்கு 52 புகைபோக்கியாம், 12 மாசத்துக்கு 12 வாசலாம். கேக்க நல்லா தான் இருக்கு, சொல்ல வேணாம்னு சொல்லல. ஆனா ஜன்னல எண்ணி முடிச்சதும் வீடியோவும் முடிஞ்சிடுது, அந்த மலையும் காடும் ஷோன்போர்ன் குடும்பத்து கைக்கு எப்படி போச்சுன்னு பேச்சே வரமாட்டேங்குது.

அந்த மண்ணு முன்னாடி ஹங்கேரியோட ராக்கோட்சி குடும்பத்துது. இரண்டாம் ஃபெரென்ஸ் ராக்கோட்சி 1703ல ஹாப்ஸ்பர்க் (ஆஸ்திரியா பேரரசர் வம்சம்) ஆட்சிய எதிர்த்து கிளம்பி, 1711 வரைக்கும் சண்டை நடந்து, தோத்து, சொத்து பூரா பறிமுதல் ஆகி, கடைசில 1735ல துருக்கில அகதியா செத்தாரு. பறிச்ச மண்ண 1728ல பேரரசர் ஆறாம் சார்லஸ் தூக்கி குடுத்தது எங்கயோ ஜெர்மனில மைன்ஸ் நகரத்து பேராயரா இருந்த லோத்தர் ஃப்ரான்ஸ் ஷோன்போர்னுக்கு. அந்த மலைக்கு சம்பந்தமே இல்லாத குடும்பம் அத்தனை ஊருக்கும் ஜமீன் ஆயிடுச்சு.

மாளிகை ரொம்ப பின்னாடி தான், 1890ல ஆரம்பிச்சு 1895ல முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி அங்க மரத்துல ஒரு வேட்டை பங்களா இருந்துச்சு. பிரபு வேட்டைக்கு வந்து தங்குறதுக்கு மணிக்கூண்டு, சுத்தி பூங்கா, ஆஸ்திரியா-ஹங்கேரி மேப் மாதிரின்னு சொல்ற குளம்.

நீங்க கண்டிப்பா சொல்லணும்னு நான் கேக்குறது இத தான். கட்டி முடிச்சு ரெண்டே வருஷம், 1897ல, அதே மலையில ருசின் (அந்த மலையில வாழுற ஸ்லாவிய இன ஜனங்க) விவசாயிங்க படுற பாட்ட பார்த்து, அப்போ அந்த பகுதிய ஆண்ட ஹங்கேரி அரசாங்கமே எடே எகான்னு ஒரு அதிகாரிய (ஐரிஷ் வம்சாவளி மனுஷன்) அனுப்பி நிவாரண வேலைய ஆரம்பிச்சுது. சுத்தி காடும் மேய்ச்சலும் பிரபு வீட்டுது, ஜனங்களுக்கு உழ நிலம் இல்ல, மாட்ட எங்க விடுறது? எகான் அந்த ஷோன்போர்ன் எஸ்டேட்கிட்டயே நிலத்த குத்தகைக்கு வாங்கி விவசாயிங்களுக்கு பிரிச்சு குடுத்தாரு. 1901ல துப்பாக்கி குண்டு பட்டு செத்துட்டாரு, எப்படி நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் சர்ச்சை தான். இந்த மனுஷன் பேரு ஒரு தமிழ் வீடியோலயாவது வரணும்ங்க.

அப்புறம் செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, சோவியத்னு ஆட்சி மாறி மாறி, இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் மாளிகை சானடோரியம் (தங்கி வைத்தியம் பாத்துக்குற இடம்) ஆச்சு. ஒரு குடும்பம் வேட்டைக்கு வச்சிருந்த வீட்டுல சாதாரண ஜனங்க வைத்தியத்துக்கு தங்கினாங்க, எனக்கு இந்த கட்டடத்து கதையில ரொம்ப பிடிச்ச இடம் இது.

ரஷ்யா-உக்ரைன் போர் முடிஞ்சு நீங்க மறுபடி அங்க போறப்ப, அந்த பகுதியோட பெரிய ஊரான உஷ்ஹோரோட்ல மெடிக்கல் படிச்ச நம்ம பசங்க யாரையாவது கூட கூட்டிட்டு போங்க, அவங்களுக்கு ஊர் தெரியும். மாளிகைய எடுத்துட்டு அப்படியே ஸ்வால்யாவா பக்கத்து மலை கிராமத்துக்கும் போய் அங்க உள்ள பெரியவங்க கிட்ட நிலத்த பத்தி கேளுங்க, ட்ரோன் ஷாட் கொஞ்சம் குறைஞ்சா பரவால்ல.